ஆஸ்திரேலியாவில் உண்ணுதல் கோளாறுக்கு மெடிகேர் உதவியுடன் சிகிச்சை பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சாப்பாட்டைத் தொடர்ந்து தவிர்ப்பது, சாப்பிட்டதை வலிந்து வாந்தியெடுப்பது, கட்டுப்பாடே இல்லாமல் ஒரே நேரத்தில் ஏராளமாகச் சாப்பிட்டுவிட்டுக் குற்றவுணர்வில் துடிப்பது ஆகியவற்றை நம் வீடுகளில் பிடிவாதம் என்றோ, வயதுக் கோளாறு என்றோ, அளவு மீறிய டயட் என்றோ சொல்லிக் கடந்துவிடுகிறோம். இவை உயிரையே பறிக்கக்கூடிய நோய்கள். மனநோய்களில் உயிரிழப்பு விகிதம் மிக அதிகமாக உள்ளவற்றுள், எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உணவைக் கடுமையாகக் குறைத்துக்கொள்ளும் அனோரெக்ஸியா நெர்வோசா ஒன்று. அதே நேரத்தில், முறையான சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய்களும் இவைதாம்.

ஆஸ்திரேலிய அரசு 2019 நவம்பர் 1 முதல் இதற்கெனத் தனியாக ஒரு மெடிகேர் (அரசின் பொது மருத்துவக் காப்பீடு) திட்டத்தை நடத்திவருகிறது. தகுதியுள்ள ஒருவர் 12 மாதங்களில் 40 உளவியல் சிகிச்சை அமர்வுகள் வரையிலும், உணவியல் நிபுணருடன் 20 அமர்வுகள் வரையிலும் மெடிகேர் உதவித்தொகையுடன் பெறலாம். இதை 'ஈட்டிங் டிஸார்டர் பிளான்' என்று டாக்டர்கள் அழைப்பார்கள். வழக்கமான மனநலத் திட்டத்தில் ஓர் ஆண்டுக்குக் கிடைப்பது 10 தனிநபர் அமர்வுகள்தாம் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது புரியும். ஆனால் இந்தத் திட்டம் தானாக வந்து சேராது. முதல் சந்திப்பிலேயே அதன் பெயரைச் சொல்லிக் கேட்பதும், நடுவில் வரும் மறுஆய்வுகளை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பதும் நோயாளியின் அல்லது குடும்பத்தின் பொறுப்பாகிவிடுகின்றன. இந்த வழிகாட்டி முக்கியமாக அந்த இரண்டு இடங்களுக்காகவே எழுதப்படுகிறது.

முதலில், காத்திருக்கக் கூடாத நிலைமைகள்

மயங்கி விழுவது, நெஞ்சு வலி அல்லது சீரற்ற இதயத் துடிப்பு, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் அல்லது குடிக்க மறுத்துக் கிடப்பது, வாந்தியில் இரத்தம், குழப்பமான பேச்சு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் திட்டம், படிவம், அப்பாயிண்ட்மென்ட் எதையும் யோசிக்காமல் 000-ஐ அழைக்க வேண்டும், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மெடிகேர் அட்டை உள்ளவருக்கு அரசு மருத்துவமனையில் பொது நோயாளியாகப் பெறும் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. மனநெருக்கடியில் பேச ஆள் தேவைப்பட்டால் லைஃப்லைன் 13 11 14 என்ற எண்ணில் நாள் முழுவதும் கிடைக்கும்.

நீண்ட நாள் பட்டினிக்குப் பிறகு வீட்டிலேயே திடீரென்று நிறையச் சாப்பிட வைப்பதும் ஆபத்தானது. இரத்தத்திலுள்ள பாஸ்பேட் போன்ற உப்புகள் சட்டென்று சரிந்து இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், அந்த நிலையில் உள்ளவருக்கு உணவை மீண்டும் கூட்டுவது மருத்துவக் கண்காணிப்பில் நடக்க வேண்டிய காரியம்.

யாருக்கு மெடிகேர் பொருந்தும்

ஆஸ்திரேலியக் குடிமக்கள், நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்கள், இங்கே வசிக்கும் நியூசிலாந்துக் குடிமக்கள், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள் ஆகியோர் மெடிகேரில் சேரலாம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஆஸ்திரேலியாவுடன் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் கிடையாது. ஆகையால் மாணவர் விசாவிலோ தற்காலிக வேலை விசாவிலோ நம் நாடுகளிலிருந்து வந்திருப்பவர்களுக்குப் பொதுவாக இந்தத் திட்டம் கிடைக்காது. அவர்கள் என்ன செய்யலாம் என்பதைப் பின்னால் தனியே பார்ப்போம்.

திட்டத்துக்கான தகுதி

தகுதி விதிகள் இரண்டு தடங்களாக உள்ளன. அனோரெக்ஸியா நெர்வோசா என்று டாக்டர் கண்டறிந்துவிட்டால் அந்த ஒரு முடிவே போதும். நேரடியாகத் தகுதி உண்டு. புலிமியா நெர்வோசா (அளவு மீறி உண்டுவிட்டு வாந்தி போன்றவற்றால் ஈடுகட்டுவது), பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர் (கட்டுப்பாடின்றி ஏராளமாக உண்பது), மற்றும் 'குறிப்பிடப்பட்ட பிற உண்ணுதல் கோளாறுகள்' என்ற வகை ஆகியவற்றுக்கு மேலும் மூன்று நிபந்தனைகள் பொருந்த வேண்டும். இ.டி.இ.-க்யூ என்ற வினாத்தாளில் மொத்த மதிப்பெண் 3 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்பது முதலாவது. எடை வேகமாகக் குறைந்திருக்க வேண்டும், அல்லது கட்டுப்பாடற்ற உண்ணுதலோ அதை ஈடுகட்டும் வாந்தி, பேதி மருந்து, அளவு மீறிய உடற்பயிற்சி போன்ற செயல்களோ வாரத்தில் 3 முறை அல்லது அதற்கு மேல் நடக்க வேண்டும் என்பது இரண்டாவது.

மூன்றாவது நிபந்தனை ஐந்து கூறுகளைக் கொண்ட பட்டியல். அதில் குறைந்தது இரண்டு பொருந்தினால் போதும். நோயால் எடை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியிருப்பது, நோயால் உடல்நலச் சிக்கல் ஏற்பட்டிருப்பது அல்லது ஏற்படும் அபாயம் அதிகமாக இருப்பது, அன்றாட வாழ்வைப் பாதிக்கும் வேறு தீவிர மன அல்லது உடல் நோயும் சேர்ந்திருப்பது, கடந்த 12 மாதங்களில் உண்ணுதல் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பது, கடந்த 6 மாதங்களாக ஒழுங்காகச் சிகிச்சை எடுத்தும் போதிய முன்னேற்றம் இல்லாமல் இருப்பது ஆகியவை அந்த ஐந்து.

இந்தப் பட்டியலைக் கவனமாகப் படியுங்கள். எடைக் குறைவு என்பது ஐந்தில் ஒன்றுதான். மெலிந்து எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு மட்டுமே இந்த நோய் இருக்கும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பதால், சராசரி எடையிலோ அதற்கு மேலோ உள்ளவர்கள் ஆண்டுக்கணக்கில் உதவி கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். புலிமியாவும் பிஞ்ச் ஈட்டிங்கும் உள்ளவர்களில் பலர் வெளித்தோற்றத்தில் எவ்வித மாற்றமும் இல்லாதவர்கள். எடை குறையும் வரை காத்திருக்கத் தேவையே இல்லை.

உணவின் மணம், பதம், விழுங்கும் பயம் போன்ற காரணங்களால் மிகச் சில உணவுகளை மட்டுமே உண்ணும் ஏ.ஆர்.எஃப்.ஐ.டி. என்ற கோளாறு இந்தத் திட்டத்தின் பட்டியலில் இல்லை. அதற்கு மாற்று வழிகள் உள்ளன; 'தகுதி கிடைக்காதபோது' என்ற பகுதியில் அவற்றைக் காணலாம்.

குடும்ப மருத்துவரிடம் முதல் சந்திப்பு

திட்டத்தைப் பெரும்பாலும் குடும்ப மருத்துவரான ஜி.பி.தான் தயாரிப்பார். மனநல மருத்துவரோ குழந்தைநல மருத்துவரோ தயாரிக்கவும் விதி இடம் தருகிறது. கிளினிக்குக்குப் போன் செய்யும்போது, "லாங் அப்பாயிண்ட்மென்ட் வேண்டும், ஈட்டிங் டிஸார்டர் பிளான் பற்றிப் பேச வேண்டும்" என்றே சொல்லுங்கள். சாதாரணச் சந்திப்பின் நேரத்துக்குள் இந்தத் திட்டத்தைத் தயாரிக்க முடியாது. குறைந்தது 20 நிமிடங்கள் வேண்டும். 40 நிமிடங்களுக்கு மேல் ஒதுக்கினால் இன்னும் நல்லது. விவரம் சொல்லாமல் போனால், பெரும்பாலும் வழக்கமான மனநலத் திட்டத்தை எழுதித் தந்து அனுப்பிவிடுவார்கள். அதில் 10 அமர்வுகளோடு நின்றுவிட நேரும்.

போகும் முன் ஒரு தாளில் நான்கைந்து வரிகள் எழுதிக்கொண்டு போவது பெரும் உதவி. எப்போது தொடங்கியது, ஒரு வாரத்தில் என்னென்ன எத்தனை முறை நடக்கிறது, மாதவிடாய் நின்றிருக்கிறதா, மயக்கமோ குளிரோ உணரப்படுகிறதா, இதற்கு முன் என்ன சிகிச்சை எடுத்தாயிற்று என்பவை போதும். வெட்கத்தால் நாக்கு எழாத விஷயங்களைத் தாள் சொல்லிவிடும். வாந்தி பற்றியும் பேதி மருந்து பற்றியும் பலர் முதல் சந்திப்பில் மறைத்துவிடுகிறார்கள். பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு பாதிக்கப்படும் அபாயம் அந்த இரண்டிலும்தான் இருக்கிறது என்பதால் அவற்றை மறைக்கவே கூடாது.

டாக்டர் இரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., படுத்திருக்கும்போதும் எழுந்து நிற்கும்போதும் நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் கேளுங்கள். ஆனால் இரத்தப் பரிசோதனை முடிவு சரியாக இருப்பதாலேயே நோய் தீவிரமில்லை என்று ஆகிவிடாது. உடல் நெடுநாள் ஈடுகொடுத்துக்கொண்டே இருந்து, பின்னர் திடீரெனச் சரியக்கூடியது. எடை பார்க்கும்போது எண்ணைக் காண விரும்பாதவர் தராசுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்ளலாம். டாக்டர்கள் இந்தக் கோரிக்கையைப் புரிந்துகொள்வார்கள்.

தமிழ் டாக்டரிடம் சொன்னால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காப்பது டாக்டரின் சட்டக் கடமை. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் வேறு டாக்டரிடம் போக யாருக்கும் உரிமை உண்டு. ஆங்கிலத்தில் மனம் திறந்து பேச முடியாத பெற்றோருக்காக, டாக்டர் 131 450 என்ற எண்ணில் டிஸ் நேஷனல் சேவையின் மூலம் தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைத்துக்கொள்ளலாம், ஜி.பி.களுக்கு இதைக் கட்டணமில்லாமல் பெறும் ஏற்பாடும் உள்ளது. நோயுற்ற பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் நோயைப் பற்றித் தாயின் கவலையைத் தானே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது.

வினாத்தாளை நிரப்பும்போது

இ.டி.இ.-க்யூ வினாத்தாளில் 28 கேள்விகள் உள்ளன. அவை கடந்த 28 நாட்களை மட்டுமே பற்றியவை. பெரும்பாலான கேள்விகளுக்கு 0 முதல் 6 வரை ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது பரீட்சை இல்லை. நல்ல பிள்ளையாகத் தோன்ற வேண்டும் என்று குறைத்துக் குறிப்பவர்கள் தகுதியை இழக்கிறார்கள்.

ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். உடலின் வடிவத்தையோ எடையையோ மாற்றுவதற்காக, விழித்திருக்கும் நேரத்தில் 8 மணி நேரமோ அதற்கு மேலோ எதையுமே உண்ணாமல் இருந்த நாட்கள் எத்தனை என்று அது கேட்கிறது. வெள்ளிக்கிழமை விரதமும் சஷ்டி விரதமும் இருக்கும் பழக்கமுள்ள ஒருவர் இங்கே தடுமாறுவார். பக்தியால் மட்டுமே இருந்த விரதம் இந்தக் கணக்கில் வராது. ஆனால் விரதம் என்ற பெயரில் எடையைக் குறைக்கும் எண்ணம் உள்ளே இருந்திருந்தால் அந்த நாட்கள் கட்டாயம் கணக்கில் வரும். விரதம் நோய்க்கு மிக வசதியான மறைவிடம். வீட்டில் யாரும் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்க மாட்டார்கள். ஆஸ்திரேலிய டாக்டருக்கு இந்த நுட்பம் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதால், நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும்.

சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுத்தல்

திட்டம் தயாரானதும் அதன் பிரதி ஒன்றையும், உளவியல் சிகிச்சையாளருக்கும் உணவியல் நிபுணருக்குமான பரிந்துரைக் கடிதங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். கிளினிக்கல் சைகாலஜிஸ்ட், சைகாலஜிஸ்ட், அங்கீகாரம் பெற்ற மனநலச் சமூகப் பணியாளர், மனநலத் துறை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பயிற்சி பெற்ற ஜி.பி. ஆகியோர் இந்த அமர்வுகளை வழங்கலாம். ஆனால் எல்லா சைகாலஜிஸ்ட்டுகளும் இந்த நோயில் தேர்ந்தவர்கள் அல்லர். இத்துறையில் தகுதிச் சான்று பெற்றவர்களைத் தேடுவதற்கு 'கனெக்ட் இடி' என்ற இணையப் பட்டியல் இருக்கிறது. பட்டர்ஃபிளை அறக்கட்டளையின் உதவி எண்ணான 1800 33 4673-ஐ அழைத்தும் உங்கள் பகுதியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். ஊர்ப்புறங்களில் இருப்பவர்கள் வீடியோ வழி அமர்வுகளையும் இந்தத் திட்டத்தின் கீழ் பெற முடியும்.

போனில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தச் சிகிச்சை முறையைப் பயன்படுத்துகிறீர்கள், அதில் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா, அமர்வுக்குக் கட்டணம் எவ்வளவு. மெடிகேர் ஏற்கும் முறைகளின் பட்டியலில் பெரியவர்களுக்கான மேம்பட்ட சி.பி.டி. (சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை), பதின்வயதினருக்கான குடும்பம் சார்ந்த சிகிச்சை போன்றவை இடம்பெறுகின்றன. பொதுவான ஆறுதல் பேச்சு அந்தப் பட்டியலில் இல்லை.

குடும்பம் சார்ந்த சிகிச்சை பற்றி நம் பெற்றோருக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பதின்வயதுப் பிள்ளையை மீண்டும் உண்ண வைக்கும் பொறுப்பை முதல் கட்டத்தில் பெற்றோரின் கையில் ஒப்படைப்பதும், உடல் தேறத் தேற அந்தப் பொறுப்பைப் படிப்படியாகப் பிள்ளையிடமே திருப்பித் தருவதும்தான் இதன் அடிப்படை. பெற்றோரைக் குற்றவாளியாக்காமல் அவர்களையே சிகிச்சையின் கருவியாக்குவதால் நம் குடும்ப அமைப்புக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ஒரே வீட்டில் அம்மா தட்டில் வைப்பதை, "பாவம், வேண்டாமென்றால் விடு" என்று பாட்டி எடுத்துவிட்டால் முயற்சி குலைந்துவிடும். ஆகவே உணவு பரிமாறும் ஒவ்வொருவருக்கும் சிகிச்சையின் விதிகள் தெரிந்திருக்க வேண்டும். "நல்லா மெலிஞ்சிட்டே", "இப்போதான் முகத்துல சதை வந்திருக்கு" போன்ற பேச்சுகளை விருந்தினரும் தவிர்க்கும்படி முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. சதை போட்டிருக்கிறது என்று அன்போடு சொல்லும் ஒரு சொல், தேறிவரும் பிள்ளையை மறுநாள் தட்டை ஒதுக்க வைத்துவிடும்.

உணவியல் நிபுணரிடம், நாம் வீட்டில் உண்ணும் சோறு, இட்லி, குழம்பு ஆகியவற்றைக் கொண்டே உணவுத் திட்டம் அமைத்துத் தருமாறு தயங்காமல் கேளுங்கள்.

மறுஆய்வுகள்: திட்டம் தடைப்படும் இடம்

40 அமர்வுகளும் ஒரே மூச்சில் கிடைப்பதில்லை. பத்துப் பத்தாகவே திறக்கப்படுகின்றன. முதல் 10 முடிந்ததும் ஜி.பி. மறுஆய்வு செய்து அடுத்த 10-க்கு வழிவிட வேண்டும். 20 முடிந்ததும் ஜி.பி.யின் மறுஆய்வோடு, மனநல மருத்துவர் அல்லது குழந்தைநல மருத்துவர் ஒருவரின் மறுஆய்வும் கட்டாயம். இரண்டும் நடந்த பின்னரே 21-ஆவது அமர்வுக்கு மெடிகேர் பணம் தரும். 30-க்குப் பிறகு மீண்டும் ஜி.பி.

சிக்கல் அந்த 20-ஆவது அமர்வில்தான் இருக்கிறது. வாரம் ஒரு முறை போகிறவர் ஐந்தே மாதத்தில் அந்த இடத்துக்கு வந்துவிடுவார். வாரம் இரு முறை என்றால் இன்னும் சீக்கிரம். ஆனால் மனநல மருத்துவரிடம் நேரம் கிடைக்கப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டி வரலாம். நோயாளி தேறத் தொடங்கிய நேரத்தில் சிகிச்சை அறுந்துபோவது, தொடங்காமலே இருப்பதைவிடக் கொடுமையானது. மீண்டும் நம்பிக்கையை வரவழைப்பது அவ்வளவு எளிதல்ல. எனவே திட்டம் எழுதப்படும் அன்றே, அந்த நிபுணர் மறுஆய்வுக்கான பரிந்துரைக் கடிதத்தையும் ஜி.பி.யிடம் கேட்டு வாங்கி, அந்த வாரத்திலேயே அப்பாயிண்ட்மென்ட் போட்டுவிடுங்கள். 20 அமர்வுகள் முடியும் வரை இந்த மறுஆய்வுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, முன்கூட்டியே செய்யலாம். வீடியோ வழியாகவும் இதைச் செய்ய முடியும் என்பதால் வேறு மாநிலத்து மனநல மருத்துவர்களையும் தேடிப் பார்க்கலாம். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

எண்ணிக்கையில் இன்னொரு நுட்பம். வழக்கமான மனநலத் திட்டத்தின் கீழ் அதே காலத்தில் எடுக்கும் உளவியல் அமர்வுகளும் இந்த 40-க்குள் சேர்த்தே எண்ணப்படும். ஒரு குறிப்பேட்டில் ஒவ்வோர் அமர்வின் தேதியையும் எண்ணையும் எழுதி வாருங்கள்.

பணம்

மெடிகேர் உதவித்தொகை என்பது முழு இலவசம் அல்ல. பல்க் பில்லிங் செய்பவரிடம், அதாவது மெடிகேர் தரும் தொகையையே முழுக் கட்டணமாக ஏற்பவரிடம், கையிலிருந்து எதுவும் தர வேண்டியதில்லை. ஆனால் உளவியல் சிகிச்சையில் அப்படிப்பட்டவர்கள் அரிது. சிகிச்சையாளர்கள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே நிர்ணயிக்கலாம். எடுத்துக்காட்டுக்கு, கட்டணம் 240 டாலர், மெடிகேர் திருப்பித் தருவது 140 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வோர் அமர்வுக்கும் 100 டாலர் கைக்காசு. 40 அமர்வுகளுக்கு அது 4,000 டாலர் ஆகிவிடும். கிளினிக்கல் சைகாலஜிஸ்ட்டுக்கான மெடிகேர் தொகை மற்றவர்களுக்கானதைவிட அதிகம் என்பதால், கட்டணத்தை மட்டும் ஒப்பிடாமல் மீதிக் கைக்காசை ஒப்பிடுங்கள்.

இந்தச் சுமையைக் குறைக்க மெடிகேர் சேஃப்டி நெட் இருக்கிறது. ஒரு நாட்காட்டி ஆண்டில் மருத்துவமனைக்கு வெளியே பெற்ற சேவைகளுக்கான கைக்காசு ஒரு வரம்பைத் தாண்டினால், அதன் பிறகு வரும் கைக்காசில் பெரும்பாலும் 80 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும். சலுகை அட்டை உள்ளவர்களுக்கு வரம்பு குறைவு. தனிநபர் தானாகவே இதில் சேர்ந்துவிடுகிறார். ஆனால் தம்பதியரும் குடும்பங்களும் பதிவு செய்தால்தான் அனைவரின் செலவும் ஒன்றாகக் கூட்டப்படும். ஒரே மெடிகேர் அட்டையில் பெயர் இருந்தாலும் தனியாகப் பதிவு செய்தாக வேண்டும். இது சில நிமிட வேலை; இன்றே முடித்துவிடலாம். வரம்புகள் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று மாறும்.

தகுதி கிடைக்காதபோது

ஏ.ஆர்.எஃப்.ஐ.டி. உள்ளவர்களும், மதிப்பெண் எட்டாதவர்களும் வழக்கமான மனநலத் திட்டத்தின் 10 அமர்வுகளைப் பயன்படுத்தலாம். நாட்பட்ட நோய் மேலாண்மைத் திட்டத்தின் கீழ் உணவியல் நிபுணர் போன்றோரிடம் ஓர் ஆண்டில் மொத்தம் 5 அமர்வுகள் வரை கிடைக்கும். 12 முதல் 25 வயது வரையிலானவர்கள் ஹெட்ஸ்பேஸ் என்ற இளையோர் மனநல மையங்களில் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ உதவி பெறலாம். நோய் வலுத்தால் மறுபடியும் மதிப்பிடச் சொல்ல எப்போதும் வழி உண்டு.

தனியார் மருத்துவமனையில் சேர வேண்டி வந்தால், மனநல மருத்துவமனைச் சேவையை முழுமையாக உள்ளடக்கும் காப்பீட்டுக்கு மாற வேண்டியிருக்கும். 2018 ஏப்ரல் 1 முதல், ஏற்கெனவே 2 மாதக் காத்திருப்பை முடித்துக் குறைந்த நிலைக் காப்பீடு வைத்திருப்பவர், மீண்டும் காத்திருக்காமல் மேல்நிலைக்கு மாறலாம். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இந்தச் சலுகை.

மாணவர் விசாவில் இருப்பவர்கள் தங்கள் கட்டாய மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து, ஜி.பி., மனநல மருத்துவர், மருத்துவமனை ஆகியவற்றுக்கு எவ்வளவு தருவார்கள், காத்திருப்புக் காலம் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. அங்கிருந்து தொடங்குவது எளிது. பட்டர்ஃபிளை உதவி எண்ணில் பேசுவதற்கு மெடிகேர் அட்டை தேவையில்லை.

ஓர் ஆண்டு முடியும்போது

இந்தத் திட்டத்தின் 12 மாதங்கள் அது தயாரிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படுகின்றன, ஜனவரியோடு புதுப்பிக்கப்படுவதில்லை. பயன்படுத்தாத அமர்வுகள் அடுத்த ஆண்டுக்குச் செல்லாது. நோய் இன்னும் நீங்கவில்லை என்றால் ஜி.பி. மறுபடியும் மதிப்பிட்டுப் புதிய திட்டம் எழுதலாம். அப்போதும் மேலே சொன்ன தகுதி விதிகளே பொருந்தும். பதினொன்றாவது மாதத்திலேயே அதற்கான நீண்ட அப்பாயிண்ட்மென்டைப் பதிவு செய்து, முதல் திட்டத்தின் பிரதியையும் நிபுணரின் மறுஆய்வுக் கடிதத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.